நாலுக்கு அப்புறம் ஏழு

ஜூன் 9, திங்கள்

மேகம் மட்டும். எதிரே ராணுவ நிலத்தின் மேல் பெய்துவிட்டு, நான் இருக்கும் லோத்குண்டா பக்கம் திரும்பாமலே போய்விட்டது மழை.

ஸ்கேனர் வந்தாயிற்று. சாப்பாட்டு மேஜையில் இடம். இனி இரண்டு வாரம் தட்டு மடியில்.

செய்ய வேண்டியவை:
– துருப்பிடித்த பின்களை எடுப்பது. கத்தி கூடாது. நகவெட்டி முனை போதும்.
– தாளை வெயிலில் காட்டக் கூடாது.
– கோப்புப் பெயர்: இதழ் எண், பக்க எண். அலங்காரம் வேண்டாம்.
– கேஸ் புக் செய்ய.

அக்கா முன்குறிப்பு ஒன்று கேட்கிறாள், "அடுத்த தலைமுறைக்குப் புரியற மாதிரி." எழுதிப் பார்த்தது:

'கிளை மடல், செகந்திராபாத்திலிருந்து வருடத்துக்கு நான்கு முறை வெளிவந்த எங்கள் குடும்பச் செய்தி மடல். ரயில்வே பணிமனையில் எழுத்தராக இருந்த எங்கள் அப்பா, பணிமனை கழித்துப் போட்ட சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் சுற்றியெடுத்து முப்பத்தெட்டு வீடுகளுக்குத் தபாலில் அனுப்பினார். வேலூர்ப் பக்கத்திலிருந்து பிரிட்டிஷ் காலத்தில் இங்கே வந்த குடும்பம், பிறகு ரயில் போன ஊருக்கெல்லாம் போனது. சொந்தம் சிதறாமல் இருக்க இது ஒரு வழி என்று அப்பா நம்பினார்.'

கடைசி வாக்கியம் வேண்டுமா? அடைப்புக்குள் வைத்திருக்கிறேன்.

மொத்தம் 88 இதழ்கள். அப்பா போனதோடு நின்றது. வரும் 29 அவர் பிறந்த நாள். ஹப்சிகுடாவில் அக்கா வீட்டில் எல்லோரும் கூடுகிறார்கள். அன்றைக்கு லிங்க் தயாராக இருக்க வேண்டும்.

அக்கா போனில்: "வீட்ல இருக்கற செட்டே போதும் வசந்தி. ரமணி அண்ணன் கிட்டல்லாம் போய்க் கேட்டுட்டு நிக்காத. ஆரம்பிச்சா விடமாட்டாரு மனுஷன்."

உண்மைதான். விடமாட்டார்.

ஜூன் 11, புதன்

காலையில் தூறல். கல்லூரியில் வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு தாவரவியல் துறையின் உலர்தாவர அலமாரியைத் துப்புரவு செய்தேன். கை முழுக்க நாப்தலின் வாடை.

ஒரு புல் ஒட்டிய தாளில் மூன்று சீட்டுகள். சேகரித்தவர் ஒரு பெயர் எழுதியிருக்கிறார். பிறகு பார்த்தவர் அது தவறு என்று கீழே தன் சீட்டை ஒட்டி, வேறு பெயர், கையெழுத்து, தேதி. அதற்கும் கீழே மூன்றாமவர். யாரும் யார் சீட்டையும் கிழிப்பதில்லை. தவறான பெயரும் அங்கேயே இருக்கும். வருடா வருடம் இதை மாணவிகளுக்குச் சொல்கிறேன். எழுதிக்கொள்கிறார்கள்.

சாயங்காலம் இதழ் (இ.) 37 வரை ஸ்கேன் முடிந்தது. மையின் எண்ணெய் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் பழுப்பாகப் பரவியிருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் பழுப்பு போகிறது, எழுத்தும் போகிறது. விட்டுவிட்டேன்.

கண்ணில் பட்டவை:
– இ. 12: நாக்பூர் பெரியப்பா வீட்டுக் கிணற்றில் பூனை விழுந்து தானே ஏறி வந்தது. அரைப் பக்கம்.
– இ. 19: 'செகந்திராபாத்தில் தக்காளி கிடைக்கவில்லை.' இவ்வளவுதான் செய்தி.
– இ. 30 முதல் என் கையெழுத்து. வயது பதினைந்து. சொந்தக்காரர்கள் எழுதிய தபால் அட்டைகளை அப்பா அடுக்கிக் கொடுப்பார், நான் ஸ்டென்சிலில் ஊசியால் எழுதுவேன்.

எல்லா இதழிலும் தலைப்பின் கீழே அந்த விதி: 'உரியவர் தம் கைப்பட எழுதி அனுப்பாத செய்தி இதில் இடம்பெறாது.' அப்பா இதில் அசையவே மாட்டார். ரமணி அண்ணன் தன் கல்யாணத்தை எழுதி அனுப்பச் சோம்பல்பட்டு, இரண்டு இதழ் வரை மடலில் பிரம்மச்சாரியாகவே இருந்தார். நாக்பூரிலிருந்து பெண் பார்த்து வேறு எழுதினார்களாம். அதன்பிறகு யாரும் விதியோடு விளையாடவில்லை. மடலில் வந்தால் அது சம்பந்தப்பட்டவர் வாய்ச்சொல்.

முழங்கால் வலி. ஸ்டூல் உயரம் சரியில்லை.

ஜூன் 13, வெள்ளி

நல்ல மழை. தண்ணீர் லாரி வரவில்லை.

இ. 61. இது மட்டும் முழுக்க அக்கா கையெழுத்து. அப்போது அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன். மூன்று வாரம் நான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தேன். அக்கா ஊசியை அழுத்துவாள். அழுத்தினால் எழுத்தின் வட்டத்துக்குள் இருக்கும் ஸ்டென்சில் துண்டு உதிர்ந்து, மை புகுந்து, அச்சில் சுழியெல்லாம் கறுப்புப் பொட்டாகிவிடும். தாள் முழுக்க மிளகு தூவிய மாதிரி.

பக்கம் 4-க்குப் பிறகு 7. சிரிப்பு வந்தது. வீட்டில் பழைய கேலி இது. நான் திரும்பி வந்து இதழைப் பார்த்து, "அஞ்சும் ஆறும் எங்கே?" என்று கேட்டேன். அக்கா, "நம்பர் தப்பாப் போட்டுட்டேன்" என்றாள். அன்றிலிருந்து அவள் மாடிப்படி எண்ணினாலும், இட்லி எண்ணினாலும், "மாலதிக்கு நாலுக்கு அப்புறம் ஏழு" என்பேன். அவளும் சிரிப்பாள். அப்பாவும். அவள் கல்யாணத்தன்று தாம்பூலப் பை எண்ணும்போதுகூடச் சொன்னேன்.

பின்னை எடுக்கும்போது பார்த்தது: மற்ற இதழ்களில் ஓரத்தில் துளை இரண்டு. இதில் நான்கு. ஒரு தடவை பிரித்து மறுபடி பின் அடித்திருக்கிறது.

ஏன் பிரிக்க வேண்டும்?

குறித்து வைத்தேன்: ப. 5–6 இல்லை(?). ரமணி அண்ணனுக்குப் போன் செய்துவிட்டேன். அக்கா வேண்டாம் என்றாளே என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"ஹவ் ஹவ், இருக்கு, எல்லாம் பைண்டு பண்ணி வெச்சிருக்கேன் வசந்தி. ஒரு தாள் விட்டிருந்தா என் மீசையை எடுத்துடறேன். நாளைக்கு வா. சாப்பிடாம வா."

ஜூன் 14, சனி

சனத்நகர் போய் வந்தேன்.

முதலில் நடந்ததை நடந்தபடி.

ரமணி அண்ணன், நாக்பூர்க்காரர் இல்லாத இன்னொரு பெரியப்பாவின் மகன். தொழிற்பேட்டையில் கடைசல் வேலை, ஓய்வு பெற்று ஏழெட்டு வருடம். பைண்டு செய்த தொகுதியைப் பீரோவிலிருந்து எடுத்து வரும்போதே பேச்சு. "இது எங்க ஃபேக்டரி கேன்வாஸ். இன்னும் நூறு வருஷம் போனாலும் கிழியாது. உங்கப்பா பார்த்துட்டு, 'ரமணி, உள்ளே இருக்கறதைவிட அட்டை நல்லா இருக்கு'ன்னாரு."

அண்ணி கத்தரிக்காய் வதக்கிக்கொண்டே உள்ளிருந்து: "வசந்தி, உன் லெட்டரு இருக்குமே, அதையும் போடறியா? எங்க மாமியாரு அதைப் படிச்சிட்டு ஒரு நாள் முழுக்க அழுதாங்க."

"எந்த லெட்டர் அண்ணி?"

"கைக்கு, ஏன் தெரியாத மாதிரி கேக்கறே? அம்மாவுக்காகப் படிப்பை விட்டேன்னு எழுதினியே, அதுதான். எங்க பசங்களுக்கு அதை வெச்சுத்தான் சொல்லிச் சொல்லி வளத்தேன். 'பாருங்கடா உங்க அத்தையை'ன்னு."

தொகுதியில் இ. 61. ப. 4. ப. 5. ப. 6. ப. 7.

நின்றபடியே படித்தேன். அண்ணன் விசிறியைத் திருப்பி வைத்தார். அண்ணி வந்து, "இன்னும் ஒரு தடவை படிச்சாலும் அழுகை வருமே உனக்கே" என்றாள்.

"ஆமாம்" என்றேன்.

சாப்பிட்டேன். கத்தரிக்காய், ரசம், அப்பளம். இரண்டாவது தடவை சாதம் போட்டபோது நக்கோ, போதும் என்று கையை வைத்து மறைத்தேன். தொகுதியை ஒரு வாரத்துக்குக் கேட்டு வாங்கினேன். அண்ணன் அதைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார், குழந்தையைக் கொடுப்பது போல.

ஜூன் 15, ஞாயிறு

வெயில். துணி துவைத்தேன். ஃபிரிட்ஜைக் காலி செய்து துடைத்தேன். ப. 5–6 ஸ்கேன் செய்தேன், மூன்று தடவை. மூன்றும் ஒன்றுதான்.

இங்கே எழுதி வைக்கிறேன்:

'அன்புள்ள பெரியோர்களுக்கு வசந்தா வணக்கத்துடன் எழுதுவது. பூனாவில் எனக்கு ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது பற்றிப் பலரும் அப்பாவுக்கு எழுதியிருந்தீர்கள். நன்றாக யோசித்துவிட்டேன். பெற்ற தாயைப் படுக்கையில் விட்டுவிட்டுப் புல்லுக்கும் பூண்டுக்கும் பெயர் தேடிப் போக எனக்கு மனம் வரவில்லை. இது நானாக எடுத்த முடிவு. என்னை யாரும் வற்புறுத்தவில்லை…'

இப்படி ஒரு பக்கம். மறுபக்கத்தின் கடைசியில்:

'இனி இதுபற்றி எனக்கு யாரும், முக்கியமாகப் பூனா அத்தை, கடிதம் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதினால் என் மனம் கலையும்.'

கீழே என் பெயர், வீட்டில் கூப்பிடும் வசந்தி இல்லை, முழுதாக வசந்தா.

நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. அதுதான் தாங்கவில்லை. சுழியெல்லாம் கறுப்புப் பொட்டு.

அத்தைக்கு நான் எழுதியது, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து: 'பெண்களுக்கு விடுதி இல்லையாம். உங்கள் வீட்டில் தங்க முடியுமா? முடியாது என்றாலும் பரவாயில்லை, பதில் மட்டும் போடுங்கள்.' அம்மா தேறி வந்ததும் போகலாம் என்றுதான் கணக்கு. பதில் வரவில்லை. சேர வேண்டிய தேதி கடந்தது. அப்பா, "அடுத்த வருஷம் பார்ப்போம்மா" என்றார். அடுத்த வருஷம் பார்க்கவில்லை.

நான் போகாததற்குக் காரணம் அம்மா இல்லை. அம்மாவைச் சொல்லி நான் யாரிடமும் பெருமை வாங்கியதில்லை. அத்தை பதில் போடவில்லை, அதனால் போகவில்லை. இருபத்தாறு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் இது ஒன்றுதான்.

அக்கா கல்யாணத்துக்கு அத்தை வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ ரொம்ப நல்ல பொண்ணும்மா, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள். இவ்வளவு நடிப்பா என்று நினைத்தேன். காபியைக் கையில் கொடுக்காமல் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு நகர்ந்தேன். அதன்பிறகு அவள் செகந்திராபாத் வந்த இரண்டு தடவையும் எனக்குக் கல்லூரியில் வேலை இருந்தது. மூன்று வருடம் முன்னால் அவள் இறந்தபோதும் நான் பூனா போகவில்லை. மகன் சேகருக்கு இரண்டு வரியில் மெசேஜ்.

மின்சாரம் போய்விட்டது. நிறுத்துகிறேன்.

ஜூன் 16, திங்கள்

அப்பா ஒவ்வொரு இதழுக்கும் வந்த அட்டைகளைத் தனித்தனிப் பழுப்பு உறையில் வைத்திருப்பார். விதிக்குச் சாட்சி. லாஃப்டிலிருந்து இறக்கினேன். உறை 61: பதினாறு அட்டைகள், இரண்டு இன்லேண்டு. என் கைப்பட எதுவும் இல்லை, இருக்கவும் முடியாது. ஆனால் ஒரு சிறு சீட்டு, அப்பாவின் பென்சில் எழுத்து:

'வசந்தா — இவ்வருடம் பூனா போகவில்லை. ஒரு வரி போதும்.'

ஒரு வரி. அச்சில் இரண்டு பக்கம்.

அப்பா எழுதச் சொன்னது ஒரு வரி என்றால் மீதி யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. ஆனால் வந்த பிறகு அவர் பார்த்திருக்கிறார். முப்பத்தெட்டுப் பிரதியும் அவர் கையால் மடித்து, ஸ்டாம்ப் ஒட்டி, தபாலில் போட்டவை. பிறகு வீட்டுப் பிரதியில் மட்டும் பின்னைப் பிரித்து, ஒரு தாளை எடுத்துவிட்டு, மறுபடி பின் அடித்திருக்கிறார். அப்பா பின் அடித்தால் நேராக இருக்கும். நேராகத்தான் இருக்கிறது.

விதி அந்த இதழிலும் தலைப்பின் கீழே இருக்கிறது. மற்ற இதழ்களைவிடத் தெளிவாக.

நாலுக்கு அப்புறம் ஏழு. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எத்தனை தடவை.

ஜூன் 18, புதன்

கல்லூரியிலிருந்து நேராக ஹப்சிகுடா. அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஆவக்காய் ஜாடியைக் கிளறிக்கொண்டிருந்தாள். அத்தான் ஹாலில் டி.வி.

"என்னடி, ஒரு போன் கூடப் பண்ணாம. சாப்பிட்டியா?"

தாளை மேடையில் வைத்தேன். எழுந்து வந்து பார்த்தாள். கையைக் கழுவவில்லை. எண்ணெய் விரலைத் தூக்கிப் பிடித்தபடியே படித்தாள், முழுதும்.

"அப்பா எழுதினதுடி இது."

"அப்பா ஊசியை அழுத்த மாட்டார். சுழியைப் பாரு."

குழாயைத் திறந்து கை கழுவினாள். ரொம்ப நேரம்.

"ரமணி அண்ணன் கிட்ட போகாதேன்னு சொன்னேன்ல."

"அப்பா ஒரு வரி போதும்னு எழுதியிருக்கார். சீட்டு இருக்கு."

"ஒரு வரின்னா யாரு நம்புவாங்க? அத்தை வாராவாரம் அப்பாவுக்கு லெட்டர். 'பொண்ணை அனுப்பு, என் வீட்ல வெச்சுக்கறேன், ஏன் தடுக்கறே'ன்னு. நாக்பூர்லேருந்து ஒண்ணு. எல்லாருக்கும் நீ போகணும். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க மட்டும் யாரும் வரமாட்டாங்க. மூணு மாசத்துல எனக்குக் கல்யாணம். இவங்க வீட்ல ஏற்கனவே ரெண்டு தடவை தள்ளிப் போட்டாச்சு. இன்னொரு தடவை தள்ளினா வேற பொண்ணு பாத்திருப்பாங்க."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீ போயிருப்பே."

 போயிருப்பேன்தான்.

நான்: "நாலுக்கு அப்புறம் ஏழுன்னு சொல்றப்பல்லாம் சிரிச்சியே."

"சிரிக்காம வேற என்ன பண்ணச் சொல்றே?" கண்ணில் தண்ணீர். மிளகாய்ப் பொடியா, வேறா, தெரியவில்லை. "அதைப் போட்டுடாத வசந்தி. பசங்க படிப்பாங்க."

"உன் பசங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது."

"போன்ல காட்டினா அதுவே இங்கிலீஷ்ல சொல்லுதாம். நித்யா சொன்னா."

அத்தான் ஹாலிலிருந்து, "காபி கிடைக்குமா?" அக்கா பால் வைத்தாள். நான் குடிக்கவில்லை. வாசலில் ஒரு சின்ன ஜாடியில் ஆவக்காய் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன், ஏன் என்று இப்போதும் விளங்கவில்லை. மெட்ரோவில் எண்ணெய் கசிந்து பையெல்லாம் நனைந்தது. நல்லவேளை, கொண்டுபோனது ஜெராக்ஸ்.

ஜூன் 20, வெள்ளி

காலை 8.10, குடும்ப வாட்ஸப் குழுவில் அக்கா: "கிளை மடல் வேலை கிட்டத்தட்ட முடிஞ்சுது. 61-ஆவது இதழ்ல மட்டும் ஒரு தாள் பூச்சி அரிச்சுப் போச்சு, சாரி. மத்தது எல்லாம் வசந்தி அழகாப் பண்ணிட்டா." இரண்டு கைகூப்பு.

8.14, ரமணி அண்ணன்: "என்கிட்ட இருக்கே!!! வசந்தி கிட்டத்தான் குடுத்தேன்!!!"

8.31, ரமணி அண்ணன் மெசேஜ் அழிக்கப்பட்டது.

8.33, போன். "கைக்கு மா, என்ன தகராறு உங்களுக்குள்ள? மாலதி போன் பண்ணி, அண்ணா அதை எடுத்துடுங்கோன்றா. நான் என்னத்தைக் கண்டேன்?"

"ஒண்ணும் இல்லை அண்ணா."

"பூச்சியா? என் பைண்டிங்க்ல பூச்சியா?" அதுதான் அவர் வருத்தம்.

பகலில் நித்யா, அக்கா மகள், அமெரிக்காவிலிருந்து. நான் தமிழில் பேசினால் அவளுக்குப் புரியும். பதில் எல்லா பாஷையிலும் வரும். "பர்லேது சித்தி, பரவால்ல, ஒன் பேஜ் தானே. ஸ்கிப் பண்ணிடு. மா அம்மா டென்ஷன் அவுதுந்தி."

ஆக, முதலில் என் பெயரில் எழுதினாள். இப்போது என் பெயரில் அரித்தும் விட்டாள்.

ஆவக்காய் ஜாடி மேடையில் இருக்கிறது. திறக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மழை, விட்டுவிட்டு.

தட்டினேன்: 'இதழ் 61, ப. 5–6 கிடைக்கவில்லை.' வீட்டுப் பிரதியைப் பொறுத்தவரை பொய்யும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்குப் பின்னைப் பிரிக்க வேண்டியிருந்தது. எனக்கு ஒரு வரி போதும். அதே வேலை. இன்னும் சுத்தமாக.

அழித்தேன்.

இன்னொரு பக்கம்: போட்டால் அண்ணியின் பிள்ளைகள் முதல் அத்தனை பேருக்கும் அவர்கள் வளர்ந்த கதை கெடும். அக்கா தலை குனிவாள். அப்பா பிறந்த நாளன்று அப்பாவின் விதியை அப்பாவே மீறியது தெரியும். எனக்கு என்ன கிடைக்கும்? பூனா கிடைக்காது.

ஆனால் போடாவிட்டால் அந்தக் கடிதத்தை எழுதியவள் நான்தான். ரமணி அண்ணனின் கேன்வாஸ் நூறு வருடம் கிழியாது. அதில் நான் புல்லையும் பூண்டையும் கேவலமாகப் பேசியவளாகவே இருப்பேன். அத்தையை எழுத வேண்டாம் என்றவளாகவும்.

கல்லூரித் தாள்கள் நினைவுக்கு வந்தன. கிழிக்கக் கூடாது. கீழே ஒட்ட வேண்டும்.

சீட்டு, முதல் வரைவு: ஒரு முழுப் பக்கம். ஆஸ்பத்திரி வராந்தா, விடுதி, தேதி எல்லாம். படித்தால் அக்காவின் கடிதம் போலவே உருக்கம். கிழித்தேன்.
இரண்டாவது: பாதி. அதிலும் 'துரோகம்' என்று ஒரு சொல். கிழித்தேன்.
மூன்றாவது:

'ப. 5–6: இதை நான் எழுதவில்லை. வெளிவந்தபோது நான் பார்க்கவும் இல்லை.'

கையெழுத்து, தேதி. விதிப்படி கைப்பட, பேனாவில். ஸ்கேன் செய்து ப. 6-க்கு அடுத்து வைத்தேன்.

எழுதியது யார் என்று சீட்டில் இல்லை. தெரிந்தும் பெயர் போடாத சீட்டு அரைகுறைதான். இருக்கட்டும். அப்பாவின் பென்சில் சீட்டையும் சேர்க்கவில்லை. சேர்த்தால் அவருக்குப் பாதி மன்னிப்பு. தர மனமில்லை.

முன்குறிப்பில் 'சொந்தம் சிதறாமல்' என்ற அந்தக் கடைசி வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

ஹப்சிகுடா போகவில்லை. காலை ஏழுக்குக் குழுவில் லிங்க். 88 இதழ்கள், ஒரு தாளும் விடாமல். சேகர் குழுவில் இல்லை. அவனுக்குத் தனியாக அனுப்பி, 'இ. 61, ப. 5 முதல் பார்' என்று மட்டும் எழுதினேன். மன்னிப்பு என்று ஒரு வரி எழுதி அழித்தேன். எழுதி அழித்ததை அவன் பார்த்திருக்க மாட்டான்.

மத்தியானம் வரை குழுவில் கைதட்டல், பூங்கொத்து. கிணற்றுப் பூனையை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். நாக்பூர்க்காரர்களுக்கு ஒரே குஷி.

பன்னிரண்டரைக்கு யாரோ இ. 61-ஐத் திறந்திருக்க வேண்டும். அதன்பிறகு ஒரு பூங்கொத்தும் இல்லை.

நித்யா போன். "சித்தி, அந்த லெட்டர் நுவ்வு ராயலேதா? நீ எழுதலேன்னா ஹூ?"

"உங்க அம்மாவைக் கேளு."

சொல்லியிருக்கக் கூடாது. சீட்டில் போடாததை வாயால் போட்டுவிட்டேன். அவ்வளவு பெரிய மனசு எனக்கு இல்லை என்பதும் தெரிந்தது.

அண்ணி போன்.  "இத்தனை வருஷம் நான் சொன்னதெல்லாம் கேட்டுட்டுச் சும்மா இருந்தியே?"

"எனக்கே பதினாலாம் தேதிதான் தெரியும் அண்ணி."

"அய்யய்யோ. என் வீட்ல நின்னுட்டா படிச்சே."  இந்தப் பதினைந்து நாளில் எனக்காக யாரோ வருத்தப்பட்டது இதுதான் முதல் தடவை. போனை வைத்துவிட்டு முகம் கழுவினேன்.

சாயங்காலம் அக்கா மெசேஜ்: "நாலுக்கு அப்புறம் ஏழுன்னே இருந்திருக்கலாம்."

பதில் போடவில்லை. ஆவக்காய் ஜாடியைத் திறந்தேன். உப்பு கூடுதல். தயிர்ச் சாதத்தோடு சாப்பிட்டேன்.

ஜூலை 2, புதன்

வகுப்பு தொடங்கிவிட்டது. முதல் வருடத்தில் நாற்பத்திரண்டு பேர். தாவரவியல் விரும்பி எடுத்தவர்கள் மூன்று. ஸ்கேனரைப் பெட்டியில் போட்டுக் கட்டினேன். மேஜை பெரிதாகத் தெரிகிறது.

இடைவேளையில் சேகரிடமிருந்து குரல் செய்தி. ஆசிரியர் அறையில் கேட்க வேண்டாம் என்று மாடிப்படியில் நின்று கேட்டேன். அவன் தமிழ் பூனாத் தமிழ், தடுக்கித் தடுக்கி:

"வசந்தாக்கா, எனக்குத் தமிழ் படிக்க வராது, மிஸஸ் படிச்சு சொன்னா. ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன். நான் அப்ப ஏழாவது. அம்மா உனக்குன்னு ஹால் ஓரத்துல திரை கட்டி, ஒரு கட்டில், ஒரு மேஜை எல்லாம் போட்டு வெச்சிருந்தா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா அங்க என் கேரம் போர்டு இருந்துச்சு, எடுன்னு திட்டினா. உனக்குப் பதில் லெட்டர் கூட போடல, ரூம் ரெடி ஆனதும் போட்டோ எடுத்து அதோட சேத்து அனுப்பறேன்னு சொல்லிட்டே இருந்தா. அப்பறம் அந்த மடல் வந்துச்சு. கட்டிலைத் திருப்பிக் குடுத்துட்டா. மேஜையை மட்டும் குடுக்கல. நான் அதுலதான் படிச்சேன். இப்ப என் பொண்ணு படிக்கறா. அவ்ளோதான். அம்மா உன்னைத் தப்பா ஒண்ணும் சொன்னதில்ல."

மணி அடித்தது. வகுப்பு எடுத்தேன். இலை நரம்புகள்.

மூன்று மணிக்கு அவனுக்குப் பதில், அவன் படிக்க வசதியாக ஆங்கில எழுத்தில்.  பத்து நிமிஷம் யோசித்து, 'மேஜை என்ன மரம்?' என்று கேட்டேன்.

'தெரியலியே அக்கா' என்று ஒரு படம் அனுப்பினான். மேஜை மேல் பெண்ணின் புத்தகங்கள், ஒரு தண்ணீர் பாட்டில், சார்ஜர். மரம் தெரியவில்லை. நான்கு பக்கமும் தொங்குகிற மாதிரி பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு.

ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.